மஞ்சள் தாளின் ஐந்து சொற்கள்

அந்தத் தாளின் நிறம் வெளியாள் ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை முற்பகலில், தொலைபேசியில் நேரம் குறித்துக்கொண்டிருந்த நகரத் தலைவரின் மகள், பேச்சோடு பேச்சாக, "முதல் தடவை வர்றவங்களுக்கு அந்த மஞ்சள் தாள்தானே மேடம்?" என்று கேட்டபோது, டீச்சரின் பேனா தேதியை முழுதாக எழுதாமல் பாதியில் நின்றது.

டீச்சர் என்பது அந்த மருத்துவமனை அவளுக்கு இட்ட பெயர். படித்த படிப்பு உளவியல். பார்க்கும் வேலை, வயதானவர்களின் நினைவாற்றலைச் சோதித்து அறிக்கை எழுதுவது. வருவோர் போவோரையெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாய்க் குறையுங்கள் என்று பதினோரு ஆண்டுகளாய்க் கேட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சோதனைத் தாள்கள் இரண்டு வகை. முதன்முறை வருவோருக்கு மஞ்சள். ஆறு மாதம் கழித்து மீண்டும் வருவோருக்கு வெள்ளை. இரண்டிலும் ஐந்து சொற்கள் உண்டு. அவற்றை ஒரு விநாடிக்கு ஒன்றாய்ச் சொல்லிவிட்டு, நடுவே வேறு வேலைகள் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். கடிகாரம் ஒன்றை வரையச் சொல்லி, குறித்த மணியில் முட்களை வைக்கச் சொல்வதும் உண்டு. மஞ்சளில் உள்ள சொற்கள் வேறு, மணி வேறு, வெள்ளையில் வேறு. முன்பு கேட்டது மனத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. இரு கட்டுகளும் அவளுடைய மேசை இழுப்பறைக்குள் பூட்டியிருக்கும். சாவிகள் இரண்டு: ஒன்று அவளிடம், மற்றொன்று, இடுப்பில் வளையம் நிறையச் சாவி கட்டித் திரிவதால் சாவியக்கா என்றே பெயர் வாங்கிவிட்ட பணியாளரிடம்.

"எந்தத் தாள்னு நாங்க வெளியே சொல்றதில்லைங்க," என்றாள் டீச்சர்.

"ஐயோ, சும்மா கேட்டேன் மேடம். அப்பாவை நல்லாத் தூங்கிட்டு வரச் சொல்றேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்ட பின்னும் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள். சும்மா கேட்பவர்கள் தாளின் நிறத்தையா கேட்பார்கள்?

நகரத் தலைவருக்கு எழுபத்து நான்கு வயது. மேடையேறினால் ஏட்டைப் பாராமல் ஒரு மணி நேரம் பொழிவார். அவர் குரலைக் கேட்கவென்றே எதிர்க்கட்சிக்காரர்களும் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் போன மாதம் புதிய பாலத்தைத் திறந்துவைத்துப் பேசுகையில், ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றார். பதினொரு விநாடி. அந்தப் பதினொரு விநாடி ஊரில் இருந்த அத்தனை கைப்பேசிகளிலும் ஓடியது. தலைவருக்கு மூளை தேய்கிறது என்றது ஒரு பத்திரிகை. பதவி வெறிக்கு வயது தெரியாது என்றது இன்னொன்று. மனநலம் பற்றி அதுவரை ஒரு வரி எழுதாத ஏடுகளும் முதுமை மறதிக்குப் பத்து அறிகுறிகள் என்று பட்டியலிட்டன. இறுதியில் தலைவரே அறிவித்தார்: சோதனைக்குப் போகிறேன், முடிவை ஒரு வரி விடாமல் வெளியிடுகிறேன், அதன் பிறகே வேட்புமனு. மனுவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சோதனை புதன்கிழமை. அறிக்கை வியாழன் காலை பத்து மணிக்கு.

அறிக்கையின் அடியில் விழப்போவது டீச்சரின் கையெழுத்து. அது பொய்யாகிவிட்டால், இந்த ஒரு தாள் மட்டுமா பொய்யாகும்? பதினோரு ஆண்டுகளாய் அவள் எழுதிக் கொடுத்த தாள்கள் எல்லாவற்றின் மேலும் சேறு தெறிக்கும்.

இதில் வேறொரு முள்ளும் இருந்தது. அவளுடைய கணவர் நகரமன்ற அலுவலகத்தில் தலைவருக்கு உரை எழுதிக் கொடுப்பவர். சோதனையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவள் தலைமை மருத்துவரிடம் எழுத்திலேயே கேட்டுப் பார்த்தாள். "இந்த ஊர்ல இதைச் செய்யத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். வீட்டுல பேசாம இருந்தா போதும்," என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றே கணவனும் மனைவியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: அறிக்கை வெளிவரும் வரை அந்தப் பேச்சு வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இருவரும் அதை மீறவில்லை. அந்த வகையில் அவளுக்கு வீட்டைப் பற்றிக் கவலை இல்லை.

கவலையெல்லாம் இழுப்பறையைப் பற்றியதாக இருந்தது. தாள் கட்டுகளை எடுத்து எண்ணினாள். மஞ்சள் நாற்பது, வெள்ளை முப்பத்திரண்டு. பதிவேட்டில் உள்ளபடியே இருந்தது. ஆனால் எடுத்துப் படம் பிடித்துவிட்டு வைத்தால் எண்ணிக்கை குறையுமா?

சாவியக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய தம்பி மகனுக்கு நகரமன்றத்தில் வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது அப்போதுதானா டீச்சரின் நினைவுக்கு வர வேண்டும்?

"அக்கா, இந்த இழுப்பறையை நீங்க கடைசியா எப்பத் திறந்தீங்க?"

"போன வாரம் நீங்க லீவுல இருந்தப்போ. ஏம்மா, எதாவது காணோமா?"

"இல்ல, கேட்டேன்."

"கேக்கற விதமே சரியில்லையே டீச்சரம்மா," என்று சிரித்துக்கொண்டே போனாள் அவள். அந்தச் சிரிப்பும் அன்று டீச்சருக்கு ஒரு பங்கு கூடுதலாகவே பட்டது.

மதியத்துக்குமேல் தலைமை மருத்துவர் எட்டிப் பார்த்தார். வழக்கமாய் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறவர், தாமே வந்தார். "பெரிய இடத்து விஷயம். சிக்கல் இல்லாம முடிச்சிடுங்க. முப்பதுக்கு இருபத்தாறு வந்தா தேறின மாதிரிதானே?" என்றார்.

"வர்றது வரும் டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." இதைச் சொல்லும்போது அவர் கண் இழுப்பறையின் மேல் ஒரு கணம் தங்கியதாக அவளுக்குத் தோன்றியது. சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் தனக்கு நாற்காலி போடும்படி யாரையும் கேட்பதில்லை.

மாலை கிளம்புவதற்குள் பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு இழுப்பறைப் பூட்டை மாற்றினாள். புதிய பூட்டுக்கு இரண்டு சாவி வந்தது. இரண்டையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் மஞ்சள் தாளைத் தொடுவதில்லை, வெள்ளையில்தான் கேட்பது என்றும் முடிவு செய்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் கணவர் மறுநாளைக்குரிய சட்டைகளை இஸ்திரி போட்டபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பழக்கம். உரை எழுதும் நாள்களில் வாக்கியத்தை முதலில் வாயில் உருட்டிப் பார்ப்பார். ஓசை இடறினால் சொல்லை மாற்றுவார். அகவலின் நடை கைவந்த மனிதர். ஒரு மாதமாகவே அந்த முணுமுணுப்பு ஒரே தாளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் செவி அதைக் கேட்டும் கேளாமல் விட்டது.

"முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. வேலை."

"என் மூளையைச் சோதிச்சு சோதிச்சுத்தானே நீ டீச்சர் ஆனே. இன்னிக்கும் வேணும்னா சோதிச்சுக்கோ. மதியம் என்ன சாப்பிட்டேன்னு மட்டும் கேக்காதே."

அவளும் சிரித்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புதன்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்க்காமலே படிந்த தலைமுடி, உயரம் குறையாத நடை. வாசலில் சாவியக்காவைக் கண்டதும் நின்று, "முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே, இப்ப மாடி ஏற முடியுதா?" என்று கேட்டார். சாவியக்காவின் முகம் மலர்ந்தது. அதற்குச் சற்று முன் மகளின் உதடுகள் தந்தையின் காதருகே அசைந்ததை டீச்சர் கண்டாள்.

"நானும் உள்ளே ஓரமா உக்காந்துக்கறேனே மேடம்," என்றாள் மகள்.

"வெளியே நல்ல நாற்காலி இருக்குங்க."

கதவு சாத்தப்பட்டது. அறையில் ஒரு மேசை, எதிரெதிராய் இரண்டு நாற்காலி, சுவரில் ஆணி மட்டும். சுவர்க் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் சோதனைக்காக எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

"எனக்குப் பள்ளிக்கூடத்துலயே பரீட்சைன்னா வயித்து வலி வந்துடும் டீச்சர். எங்கம்மா கஷாயம் கொடுக்க வந்தா வலி போயிடும்," என்றார் தலைவர்.

"இங்க கஷாயம் கிடையாதுங்க ஐயா. பயப்படாதீங்க."

அவள் இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். தலைவரின் கண்கள் அந்தத் தாளில் நின்றன.

"வெள்ளையா இருக்கே," என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஆமாங்க. ஏன் ஐயா?"

"இல்ல... கண்ணு கூசுது."

அவள் ஐந்து சொற்களைச் சொன்னாள்: குடை, விளக்கு, ஆறு, செங்கல், முயல். அவர் உடனே திருப்பிச் சொன்னார். மீண்டும் ஒருமுறை சொன்னாள், மீண்டும் சொன்னார். பிறகு கேட்பேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டுப் பென்சிலை நீட்டினாள். "ஒரு கடிகாரம் வரைங்க ஐயா. எண் எல்லாம் போடுங்க."

அவர் வட்டம் போட்டார்; எண்களைப் பன்னிரண்டும் ஒழுங்காய் இட்டார்; நிறுத்தாமல், சிறிய முள்ளை எட்டைச் சற்றுத் தாண்டியும் பெரிய முள்ளை நான்கிலும் வைத்தார். எட்டு மணி இருபது நிமிடம். மஞ்சள் தாளின் மணி.

"நான் இன்னும் மணி சொல்லலையே ஐயா."

பென்சில் தாளின் மேல் உயர்ந்து நின்றது. "ஓ. முள் இல்லாத கடிகாரம் மூக்கில்லாத முகம் மாதிரி இருக்கும்னு போட்டுட்டேன்."

"பரவாயில்ல. இன்னொண்ணு வரைங்க. பதினொன்னு பத்து."

இரண்டாவது கடிகாரத்தில் அவர் வெகுநேரம் தயங்கினார். ஒரு முள் பதினொன்றிற்குப் போனது. மற்றொன்று பத்திற்குப் போனது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. டீச்சர் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. அதன்பின் அவர் சன்னலைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று.

"முன்னாடி அஞ்சு சொல்லு சொன்னேனே ஐயா. என்னென்ன?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது வரும் கம்பீரம் தோள்களில் வந்து ஏறியது. வலக்கை விரல்கள் மேசை விளிம்பில் மெல்லத் தட்டின. "பாலம்," என்றார், ஒரு தட்டு, "கதவு," என்றார், மறுபடி தட்டு, "பஞ்சு, ஊசி, மயில்."

ஐந்தும் சரி. ஐந்தும் மஞ்சள் தாளில் உள்ளவை. வரிசையும் பிறழவில்லை. வெள்ளைத் தாளில் ஒன்றுகூட இல்லை.

"சரிதானே டீச்சர்?"

குழந்தை விடைத்தாளை நீட்டுவதுபோல் அந்த முகம் நீண்டிருந்தது. "எழுதிக்கிட்டேன் ஐயா," என்றாள் அவள்.

அவர் போனதும் தலைமை மருத்துவர் மறுபடி வந்தார். "எத்தனை?"

"நாளைக்குப் பத்து மணிக்கு எழுதித் தர்றேன் டாக்டர்."

"இருபத்தாறுக்கு மேலயா, கீழயா? அதைச் சொன்னாலே போதும்."

"பத்து மணிக்கு."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு எதிரில் இருந்த வெற்று நாற்காலியைப் பார்த்தாள். யாரோ அந்தக் கிழவருக்கு ஐந்து சொற்களை ஊட்டியிருக்கிறார்கள். ஊட்டிய கை இந்தக் கட்டடத்துக் கைதான். ஆனால் யாருடையது?

சாவியக்கா உள்ளே வந்து, இழுப்பறையின் பளபளக்கும் புதுப் பூட்டைப் பார்த்து, அங்கேயே நின்றாள்.

"இதை எனக்காகத்தானே மாத்தினீங்க?"

டீச்சர் மேசையில் கிடந்த பென்சிலை நேராக்கி வைத்தாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு. நேராக் கேட்டிருக்கலாமே. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நீங்க கதவைச் சாத்திட்டுத்தான் கேப்பீங்க. படிக்கணும்னா எனக்குக் கண்ணாடி வேணும். அது உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. தயிர் டப்பா மூடியில தேதி பார்க்கறதுக்கே உங்ககிட்டத்தான் நீட்டறேன், அது ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. இருந்தும் மனம் ஓயவில்லை. அவளால் படிக்க முடியாவிட்டால் என்ன, தம்பி மகனுக்குக் கைப்பேசி இருக்கிறதே என்றது உள்ளிருந்து ஒரு குரல். அந்தக் குரலின் கூர்மை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைகையில் சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமான முணுமுணுப்பும் கூடவே வந்தது. அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். கோப்பையின் விளிம்பில் அவருடைய விரல் தட்டிய தாளம் அது. காலையில் வேறொரு மேசையின் விளிம்பில், வேறொரு கை தட்டிய தாளம்.

குழாய் நின்றது. நீரின் சத்தம் அடங்கியதும் சொற்கள் தெளிந்து வந்தன.

"பாலம் கடந்து கதவு திறந்தேன்
பஞ்சும் ஊசியும் மயிலும் கண்டேன்."

அவள் ஓசையின்றிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து மேசையில் வைத்தாள். கையைத் துடைத்தபடி அவர் வந்ததும், "ஒரு கடிகாரம் வரைங்களேன்," என்றாள்.

"மறுபடியும் சோதனையா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வட்டம் போட்டார், எண்களைப் போட்டார், முட்களையும் போட்டார். எட்டு இருபது. போட்டபின்தான், அவள் மணியே சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. இருவரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கேயும் திருடலை," என்றார் அவர்.

"தெரியும். நாப்பது தாளும் அப்படியே இருக்கு."

"நீதான் சொல்லிக் கொடுத்தே."

பதினோரு ஆண்டுகளுக்கு முன், அவள் அந்த வேலையில் புதிதாய்ச் சேர்ந்த ஆண்டு அது. விநாடிக்கு ஒரு சொல் வீதம், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்லப் பழக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் அகப்பட்டவர்களை உட்காரவைத்துத்தான் பழகுவார்கள். அந்த மழைக்காலம் முழுவதும், நாளொன்றுக்கு மூன்று முறை, இதே மேசையில், இதே மனிதரை எதிரில் இருத்தி அவள் சொன்னாள்: பாலம், கதவு, பஞ்சு, ஊசி, மயில். எட்டு இருபது போடுங்கள். பழகி முடித்ததும் அவள் அதை மறந்தாள். கேட்டவர் மறக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாய் அவள் பூட்டிப் பூட்டிக் காத்த இழுப்பறைக்கு, மூடாத வாய் ஒன்று இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைத் திறந்தவளும் அவள்தான்.

"ஏங்க செஞ்சீங்க?"

அவர் பென்சிலை உருட்டினார். "மூணு மாசமா சொல்லைத் தேடறாரு. வாக்கியமா எழுதிக் கொடுத்தா நடுவுல வழி தவறிடுது. ஓசையில கட்டிக் கொடுத்தா தவறறதில்ல. ஆத்துல மிதக்கற மாதிரி போயிடறாரு. மூணு மாசமா அவருக்கு எல்லாத்தையும் அப்படித்தான் கட்டித் தர்றேன். கேக்கறவங்களுக்கு அது தெரியாது. பேச்சு அழகா இருக்குன்னுதான் நினைப்பாங்க. பாலம் திறந்த அன்னிக்குக் கடைசி நேரத்துல அதிகாரிங்க ஒரு பத்தியைச் சொருகிட்டாங்க. ஓசையில்லாத பத்தி. அங்கதான் நின்னாரு."

"இது உரை இல்லங்க. வைத்தியம்."

"அவர் மக வந்து அழுதா. அந்தப் பொண்ணு கையால முகத்தை மூடிக்கிட்டு அழறப்போ எனக்கு வேற ஒண்ணும் தோணலை."

"நிறத்தைக்கூட சொல்லியிருக்கீங்க."

"வாய் தவறி வந்துடுச்சு."

"ஐயாவுக்குத் தெரியுமா, இது எதுக்குன்னு?"

"தெரியாது. மனப்பயிற்சிக்கு ரெண்டு வரின்னுதான் சொல்லிக் கொடுத்தேன்."

"வெள்ளைத் தாளைப் பார்த்ததும், வெள்ளையா இருக்கேன்னு கேட்டாரு."

கணவரின் கை நின்றது. யார் யாரை ஏமாற்றியது என்ற கணக்கு அவருக்கும் அப்போதுதான் குழம்பியது போலும்.

"என்ன எழுதப் போறே?" என்றார் சற்றுப் பொறுத்து.

"நான் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன, ரெண்டையும்."

"மஞ்சள் தாள் எப்படி வெளியே போச்சுன்னு கேப்பாங்களே."

"அதையும்தான்."

"என் பேரை எழுது. உன் பையிலிருந்து நான் எடுத்தேன்னு எழுது. நீ இதுல வேண்டாம்."

"பொய்யை நானே எழுதிட்டு, அப்புறம் எந்தத் தாளை நம்பச் சொல்றது?" என்றாள் அவள். "பத்து மணிக்குத்தான் கொடுப்பேன். அதுக்கு முன்னாடி நீங்க யார்கிட்டப் போய் என்ன சொல்றதுன்னு நீங்களே பார்த்துக்கங்க. அவங்க பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்."



வியாழக்கிழமை அவள் எட்டரைக்கே அறைக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தலைவர் நின்றிருந்தார். மகள் உடன் இல்லை. மேல் பொத்தான் ஒரு துளை தவறிப் பூட்டியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் காலையில வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. இன்னொரு தடவை கேளுங்க டீச்சர். இந்தத் தடவை பாட்டு இல்லாம."

"மூணாவது தாள் கிடையாதுங்க ஐயா."

"தாள் எதுக்கு? வாயில வர்றதைக் கேளுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத சொல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

அவள் யோசித்து, விநாடிக்கு ஒன்றாய்ச் சொன்னாள்: கழுதை, நூல், உப்பு, சக்கரம், ஏணி. அவர் திருப்பிச் சொன்னார். பிறகு அவருடைய முதல் தேர்தலைப் பற்றிக் கேட்டாள். அதைத் தங்குதடையின்றிச் சொன்னார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்பது வரை சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அந்த அஞ்சு சொல்லு ஐயா."

விரல்கள் மேசையைத் தேடி வந்தன. அவர் அவற்றை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அறை அமைதியாய் இருந்தது. பதினொரு விநாடிக்கும் மேல்.

"உப்பு," என்றார். நெடுநேரம் கழித்து, "ஏணி."

டீச்சரின் கண் தன்னையறியாமல் அவருடைய மடியிலிருந்த கையின்மேல் சென்றது. அங்கிருந்து கதவிடுக்குக்குச் சென்றது. தலைவர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசையின்மேல் வைத்தார். ரேகைகளைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை.

"பாக்க வேண்டியதுதான். தப்பில்ல," என்றார். "ரெண்டையும் எழுதிக்கங்க. யாரும் கட்டிக் கொடுக்காதது. நாளைக்கு நான் மனு போடறதில்ல. அதைச் சொல்றதுக்கு உரை ஒண்ணும் வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, நேத்து தாள் வெள்ளையா இருக்கேன்னு கேட்டீங்களே. அது மஞ்சளா இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் திரும்பி அவளை நேராகப் பார்த்தார். "வெள்ளையா இருந்துச்சா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லையே."

நாற்பது ஆண்டு மேடை கண்ட முகம் அது. பதினோரு ஆண்டு முகங்களைப் படித்த கண்ணாலும் அதற்குமேல் அதில் ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

அவர் சென்றபின் அறிக்கையை முடித்தாள். கேட்டதையும் சொன்னதையும் எழுதினாள். எட்டு இருபதை எழுதினாள். அன்று காலையின் இரண்டு சொற்களை எழுதினாள். அவர் அறிந்து வந்தாரா என்பதை மட்டும் எழுதவில்லை. தெரியாததை எழுதும் வழக்கம் அவளுக்கு இல்லை. கடைசிப் பத்தியில், மஞ்சள் தாளின் சொற்கள் வெளியே போனது சோதிப்பவரின் வீட்டு மேசையிலிருந்து, பழகிய காலத்தில், சோதிப்பவரின் வாயாலேயே என்றும், அந்தத் தாளை இனி எவருக்கும் பயன்படுத்தக் கூடாது என்றும், விசாரணை எதுவானாலும் தான் உடன்படுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டாள். பத்து மணிக்குத் தலைமை மருத்துவர் அதைப் படித்தார். கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். "இதை எழுதியே ஆகணுமா?" என்றார். அவள் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, அறிக்கையை உறையில் போட்டார்.

திரும்பி வரும்போது சாவியக்கா நடைவழியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பையிலிருந்து புதுச் சாவிகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, தப்பு என்மேலதான். என் வீட்டுலேருந்துதான் போயிருக்கு. மன்னிச்சுக்கங்க."

சாவியக்கா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சாவியைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. இடுப்பு வளையத்தில் பழைய சாவி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேசை மேலயே வைங்கம்மா," என்றாள். "பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் இருக்கறப்போ எடுத்துக்கறேன்."